மாத்திரையும் வேணும், பொறுமையும் வேணும்

“கிளினிக்கில் கொடுத்த மாத்திரையை ஒரு நாளும் விடாமல் குடிக்கிறேன். கிருமி அடங்கிவிட்டது என்று டாக்டர் ஐயாவும் சொல்கிறார். ஆனா பழைய பெலன் இன்னும் வரல்லியே, ஏன்?”

எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்கள் பலர் கேட்கும் கேள்வி இது. பதில் தெரியாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

நமது உடம்பைக் காவல் காப்பவை வெள்ளை அணுக்கள். அவற்றில் சீ.டீ.4 என்ற வகையைத்தான் எச்.ஐ.வி. கிருமி அழிக்கிறது. நல்ல உடம்பில் ஒரு கன மில்லிமீற்றர் இரத்தத்தில் இவை 500 முதல் 1500 வரை இருக்கும். 200க்குக் கீழே இறங்கினால் ஆபத்தான நோய்கள் இலேசாகப் பிடித்துக் கொள்ளும்.

இந்த அணுக்கள் இரத்தத்தில் மட்டும் இல்லை. குடலிலும், கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் உள்ள நெறிகளிலும்தான் அதிகம். கிருமி தொற்றிய முதல் சில வாரங்களிலேயே குடலில் உள்ள அணுக்கள் ஏராளமாக அழிந்துவிடும். குடலின் உட்புறம் பழுதாகி, அங்குள்ள அழுக்கு இரத்தத்தில் கசியும். உடம்பு அதோடு ஓயாமல் போராடிக் களைத்துப் போகும். நெறிகளோ, ஆறின புண்ணின் தழும்பு மாதிரி உள்ளே இறுகிவிடும். புது அணுக்கள் தங்கி வளர இடம் குறையும்.

மாத்திரை கிருமி பெருகுவதை நிறுத்தும். ஒழுங்காகக் குடித்தால், அநேகமாக ஆறு மாதத்துக்குள் இரத்தப் பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் கிருமி குறையும். அந்த நிலை நீடிக்கும்வரை உடலுறவு மூலம் மற்றவருக்குத் தொற்றாது. ஆனால் பழுதான இடங்கள் உடனே ஆறாது. கவ்வாத்து வெட்டின மலையில் மறுநாளே கொழுந்து எடுக்க முடியுமா? வேர் நல்லா இருந்தால் சீக்கிரம் தளிர்க்கும், கெட்டிருந்தால் சுணங்கும். அதுபோல, சிலருக்கு அணுக்கள் கூடி வர வருடக்கணக்காகும். சிலருக்கு முழுதாக மீளாமலும் போகலாம். அப்போதும் மாத்திரைதான் காவல். நிறுத்தினால் கிருமி மறுபடி பெருகிவிடும்.

முந்தித் தொடங்கினால் சேதம் குறையும். சீ.டீ.4 எவ்வளவு இருந்தாலும் உடனே மருந்து தொடங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் அறிவித்தது.

இன்னொன்று: மருந்து தொடங்கிய முதல் மாதங்களில் சிலருக்குக் காய்ச்சல் வரலாம், நெறி கட்டலாம். உடம்பில் ஒளிந்திருந்த காசம் போன்ற நோயோடு, திரும்பி வந்த காவல் சண்டை பிடிப்பதால் வருவது அது. தாமாக மருந்தை நிறுத்தாமல் உடனே கிளினிக்குக்குப் போங்கள்.

அரசாங்க பாலியல் நோய் கிளினிக்கில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். விசயம் வெளியே போகாது. கிளினிக் போக லீவு எடுப்பதில் கஷ்டம் இருந்தால் நலன்புரி உத்தியோகத்தரிடம் வாருங்கள். என்ன நோய் என்று சொல்லத் தேவையில்லை.

பக்கத்துக் காம்பராவில் யாருக்காவது இந்த நோய் என்று தெரிந்தால் ஒதுக்காதீர்கள். ஒன்றாகச் சாப்பிடுவதாலோ, ஒரே பீலியில் குளிப்பதாலோ இது தொற்றாது.