சின்னம் யாருடையது? அலபாமாவின் சிறுத்தையிலிருந்து சிதம்பரத்தின் பானை வரை

கடலூர் மாவட்டத்தின் மேற்கில் உள்ள பெண்ணாடம் இன்று திட்டக்குடி (தனி) சட்டமன்றத் தொகுதியிலும் கடலூர் மக்களவைத் தொகுதியிலும் அடங்கியுள்ளது. 2008-இல் தொகுதிகள் மறுவரையறை செய்யப்படும் வரை இந்த வட்டாரம் மங்களூர் (தனி) சட்டமன்றத் தொகுதிக்கும், அதன் வழியாகச் சிதம்பரம் (தனி) மக்களவைத் தொகுதிக்கும் உரியதாக இருந்தது. ஆகவே இங்குள்ள தலித் வாக்காளர் பல பத்தாண்டுகளாகத் தலித் வேட்பாளருக்கே வாக்களித்து வந்திருக்கிறார். ஆனால், அந்த வேட்பாளர் எந்தச் சின்னத்தில் நின்றார், வென்றபின் யாருடைய கட்டளைக்குக் கட்டுப்பட்டார் என்பது வேறு கேள்வி. ஒடுக்கப்பட்ட மக்களின் கட்சிகள் உலகெங்கும் எதிர்கொண்ட கேள்வியும் இதுவே.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் லௌன்டஸ் என்றொரு மாவட்டம் உண்டு. 1965-இன் தொடக்கத்தில் அங்கு மக்கள்தொகையில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் கறுப்பின மக்கள். ஆயினும் வாக்காளர் பட்டியலில் அவர்களுள் ஒருவர் பெயர்கூட இல்லை. அம்மாநிலத்தை ஆண்ட ஜனநாயகக் கட்சியின் சின்னம் வெள்ளைச் சேவல்; வெள்ளையர் மேலாதிக்கமே அதனுடன் பொறிக்கப்பட்ட முழக்கம். அந்தக் கட்சிக்குள் நுழைந்து இடம் கேட்பதா, தனிக் கட்சி காண்பதா என்ற விவாதம் எழுந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் பக்கத்து மாநிலமான மிசிசிப்பியில் ஃபேனி லூ ஹேமர் முதலானோர் மிசிசிப்பி விடுதலை ஜனநாயகக் கட்சியைத் தொடங்கி, தேசிய மாநாட்டில் தம் மாநிலத்தின் பிரதிநிதிகளாகத் தங்களை ஏற்குமாறு கோரியிருந்தனர். கிடைத்ததோ, தனி மாநிலப் பொறுப்பற்ற இரண்டே இடங்கள். அவர்கள் அதை மறுத்துத் திரும்பினர்.

இந்த அனுபவத்திற்குப் பிறகு லௌன்டஸ் மக்கள் தனிக் கட்சியைத் தேர்ந்தனர். எழுதப் படிக்கத் தெரியாதவரும் அடையாளம் காண ஒவ்வொரு கட்சிக்கும் சின்னம் தேவைப்பட்டது. அவர்கள் தேர்ந்த சின்னம் கருஞ்சிறுத்தை. 1966 நவம்பரில் நடந்த தேர்தலில் அக்கட்சியின் வேட்பாளர் அனைவரும் தோற்றனர். ஆனால் அதன் முன்னணித் தலைவர்களுள் ஒருவரான ஜான் ஹியூலட் 1970-இல் அதே மாவட்டத்தின் ஷெரிஃபாக வென்றார்.

அச்சிறுத்தை அலபாமாவோடு நிற்கவில்லை. 1966-இல் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் கருஞ்சிறுத்தைக் கட்சி அச்சின்னத்தை ஏற்றது. அதன் பெயரால் உந்தப்பட்ட மராத்தி இளைஞர்கள் 1972-இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் இயக்கத்தைத் தொடங்கினர். 1980-களில் அது மதுரையில் மலைச்சாமியின் தலைமையில் வேரூன்றி, அவர் மறைவுக்குப்பின் 1990-இல் தொல். திருமாவளவன் பொறுப்பேற்று, விடுதலைச் சிறுத்தைகளாக வளர்ந்தது. நம் ஊர்ச் சுவர்களில் காணும் சிறுத்தைக்கு இப்படியொரு பயணம் உண்டு.

ஆனால் லௌன்டஸுக்கும் நமக்கும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. அங்கே ஒடுக்கப்பட்டோர் பெரும்பான்மையினர்; வாக்குரிமை கிடைத்ததும் தம் வலிமையாலேயே வெல்ல முடிந்தது. கடலூர் மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 29 விழுக்காடு. தமிழ்நாட்டிலேயே அதிக விழுக்காடு கொண்ட மாவட்டங்களுள் இதுவும் ஒன்று. எனினும் பெரும்பான்மை அன்று. அண்ணல் அம்பேத்கர் இரட்டை வாக்குரிமையையும் தனித்தொகுதியையும் கோரியதன் காரணம் இங்கே விளங்கும். 1932 செப்டம்பர் 24-இல் கையெழுத்தான பூனா ஒப்பந்தம் மாகாண அவைகளில் ஒதுக்கீட்டு இடங்களை 148 ஆக உயர்த்தியது. ஆனால் வெற்றியாளரை முடிவு செய்யும் அதிகாரத்தை எல்லாச் சாதியினரும் அடங்கிய பொதுத்தொகுதியிடம் ஒப்படைத்தது. வேட்பாளர் தலித்தாக இருப்பார். அவரைத் தெரிவு செய்பவர் பெரும்பாலும் தலித் அல்லாதவராக இருப்பார்.

இதன் விளைவை அம்பேத்கரே நேரில் கண்டார். 1936-இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியையும், 1942-இல் பட்டியல் சாதிகள் கூட்டமைப்பையும் அவர் கண்டார். சென்னையைச் சேர்ந்த ந. சிவராஜ் அக்கூட்டமைப்பின் தலைவரானார். யானைச் சின்னத்தில் நின்ற அம்பேத்கர் 1952-இல் பம்பாயிலும் 1954-இல் பண்டாராவிலும் காங்கிரசிடம் தோற்றார். அரசமைப்பை வரைந்தவருக்கே ஒதுக்கீட்டுத் தொகுதியில் இடமில்லாமற்போனது.

கடலூர் வட்டாரத்தில் அக்காலத் தலித் தலைவர்கள் பெரிதும் காங்கிரஸ் வழியாகவே அவைகளை அடைந்தனர். 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக்கழகம் கண்ட சுவாமி சகஜானந்தரும், காட்டுமன்னார்கோயில் பகுதியைச் சேர்ந்த இளையபெருமாளும் அவ்வாறு சென்றவர்களே. இளையபெருமாள் தலைமையில் 1965-இல் அமைந்த குழு 1969-இல் அளித்த தீண்டாமை குறித்த அறிக்கை, அவைக்குள் இருப்பதால் என்ன செய்ய முடியும் என்பதற்குச் சான்று. அவரே பிற்காலத்தில் மனித உரிமைக் கட்சி என்ற தனிக் கட்சியைத் தொடங்கினார் என்பது, அங்கே என்ன செய்ய முடியவில்லை என்பதற்குச் சான்று.

இதே தென்னார்க்காட்டில் தனிக் கட்சி என்ற வழியை வேறொரு சமூகமும் முயன்று பார்த்தது. வன்னியர்களைத் திரட்டிய எஸ்.எஸ். இராமசாமி படையாட்சியின் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி 1952-இல் 19 சட்டமன்ற இடங்களை வென்றது. 1954-இல் காமராசர் அமைச்சரவையில் அவர் இடம்பெற்றார், கட்சி கரைந்தது. பதவியைப் பெறுவதற்குக் கட்சி உதவியது. பதவி வந்ததும் கட்சி மறைந்தது. கூட்டணிக்கும் கரைதலுக்கும் உள்ள எல்லை இங்கேதான் இருக்கிறது.

இங்கிலாந்தின் தொழிலாளர் கட்சி அந்த எல்லையைக் காத்த கட்சி. 1900-இல் தொழிலாளர் பிரதிநிதித்துவக் குழுவாகத் தொடங்கிய அது, 1903-இல் லிபரல் கட்சியுடன் இரகசியத் தொகுதி உடன்பாடு கண்டது. அதன் பயனாக 1906-இல் 29 உறுப்பினர்களைப் பெற்றது. ஆனால் அவர்கள் லிபரல்களாக அமரவில்லை; தனிக் குழுவாக, தனிக் கொறடாவுடன் அமர்ந்தனர். 1924-இல் அக்கட்சி ஆட்சியே அமைத்தது.

இந்தியாவில் இந்த எல்லையைச் சட்டமே வரைகிறது. ஒரு கட்சியின் சின்னத்தில் நிற்பவர் அக்கட்சியின் உறுப்பினராகக் கருதப்படுவார். 1985-இல் சேர்க்கப்பட்ட அரசமைப்பின் பத்தாம் அட்டவணைப்படி, கட்சியின் கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் அவர் பதவியை இழக்க நேரிடும். எனவே தோழமைக் கட்சியின் சின்னத்தில் வெல்லும் தலித் கட்சித் தலைவர், அவையில் சட்டப்படி தம் கட்சிக்காரர் அல்லர்.

1999-இல் தேர்தல் புறக்கணிப்பைக் கைவிட்ட விடுதலைச் சிறுத்தைகள், தமிழ் மாநிலக் காங்கிரசின் சைக்கிள் சின்னத்தில் சிதம்பரத்தில் போட்டியிட்டனர். திருமாவளவன் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட வாக்குகள் பெற்றுத் தோற்றார்; வென்றவர் பாட்டாளி மக்கள் கட்சியின் தலித் வேட்பாளர். அத்தேர்தலையொட்டிச் சிதம்பரம் பகுதியின் சேரிகள் வன்முறைக்கு உள்ளாயின. ஓர் ஒதுக்கீட்டுத் தொகுதியில் தம் விருப்பப்படி வாக்களிக்கத் தலித்துகள் கொடுத்த விலை அது. 2001-இல் அவர் திமுகவின் உதயசூரியனில் மங்களூரில் வென்றார். 2004-இல் அப்பதவியை விட்டு விலகினார். 2006-இல் மங்களூரும் காட்டுமன்னார்கோயிலும் கட்சிக்குச் சொந்த அடையாளத்தில் கிடைத்தன. 2016-இல் காட்டுமன்னார்கோயிலில் அவர் தோற்றது 87 வாக்குகளில்.

அங்கீகாரம் பெறாத கட்சிக்கு நிலையான சின்னம் கிடையாது. மெழுகுவர்த்தி, மோதிரம், பானை எனச் சின்னம் மாறும்போதெல்லாம் புதிய சின்னத்தை ஊர் ஊராக அறிமுகப்படுத்த வேண்டியிருந்தது. 2019-இல் பானைச் சின்னத்தில் சிதம்பரத்தில் கிடைத்த வெற்றி 3,219 வாக்கு வித்தியாசத்தில். 2021-இல் பானையில் நின்று வென்ற நான்கு சட்டமன்றத் தொகுதிகளுள் நாகப்பட்டினமும் திருப்போரூரும் பொதுத்தொகுதிகள். 2024-இல் சிதம்பரம், விழுப்புரம் இரண்டிலும் பானை வென்றது. மாநிலத்தின் ஒவ்வொரு 25 மக்களவை இடங்களுக்கும், அல்லது அதன் பகுதிக்கும், ஓர் இடம் வென்றால் அங்கீகாரம் உண்டு என்பது விதி. 39 இடங்கள் கொண்ட தமிழ்நாட்டில் அது இரண்டு இடங்கள். அதன்படி 2025 சனவரியில் விடுதலைச் சிறுத்தைகள் மாநிலக் கட்சியாக அங்கீகரிக்கப்பட்டு, பானை அதன் நிலையான சின்னமானது.

இந்த வரலாறு காட்டுவது தனிக் கட்சியா, கூட்டணியா என்ற எளிய தேர்வை அன்று. சிறுபான்மையாக வாழும் ஒடுக்கப்பட்டோருக்குக் கூட்டணி தவிர்க்க இயலாதது. கூட்டணிக்குள் தனித்து நிற்கும் உரிமை எஞ்சுகிறதா என்பதே உரைகல். சொந்தச் சின்னம் அந்த உரிமைக்கான சட்டக் கருவி, அதற்குமேல் ஒன்றுமில்லை. சேரியில் சுடுகாட்டுப் பாதை மறிக்கப்படும்போது, தோழமைக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் அவையில் எழுந்து கேட்கும் குரல்தான் அச்சின்னத்திற்குப் பொருள் தரும். வெள்ளைச் சேவலுக்கு வாக்களிக்க மறுத்தவர்கள் முதல் தேர்தலில் தோற்றார்கள். ஆனால் அடுத்து வந்த தேர்தலில் யாரைக் கேள்வி கேட்பது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பெண்ணாடத்தின் வாக்காளரும் தம் பிரதிநிதியிடம் அந்தக் கேள்வியைக் கேட்கலாம்: நீங்கள் அவையில் யாருடைய கட்டளைக்குக் கட்டுப்பட்டவர்?