ஊர் கூடி இழுத்த தேர், ஒருவர் பையில் சாவி

போன ஆண்டு ஒரு வியாழக்கிழமை காலையில் எங்கள் பள்ளிப் பழைய மாணவர்கள் நடத்தும் இணையதளம் திறக்கவில்லை. பதினாறு ஆண்டுகளாக ஊர்க்காரர்கள் சேர்த்து வைத்தது அது. 1960களின் ஆண்டு மலர்கள், மறைந்த ஆசிரியர்களைப் பற்றி மாணவர்கள் எழுதியவை, தூர்ந்துபோன குளத்தின் பழைய படங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. ‘யாரோ ஹேக் பண்ணிட்டாங்க’ என்றார் ஒருவர். ‘சர்வர் போயிருக்கும்’ என்றார் இன்னொருவர். இரண்டும் இல்லை. டொமைனுக்குப் பணம் கட்டவில்லை.

நினைவூட்டல் கடிதங்கள் ஒழுங்காகத்தான் வந்திருக்கின்றன. ஆனால் போய்ச் சேர்ந்த இடம், தளத்தைத் தொடங்கிய நண்பர் எப்போதோ விட்டுவிட்டு வந்த அலுவலகத்தின் மின்னஞ்சல் முகவரி. அவருடைய கார்டிலிருந்து ஆண்டுதோறும் பணம் தானாகப் போய்க்கொண்டிருந்ததால் யாருக்கும் அந்த நினைப்பே வரவில்லை. கார்டு காலாவதியானதும் பணம் நின்றது. பாஸ்வேர்டை மாற்றலாம் என்றால், அதற்கான கடிதமும் அதே செத்த முகவரிக்குத்தான் போகிறது.

தன்னார்வலர்கள் நடத்தும் தளங்கள் அழிவது பெரும்பாலும் இப்படித்தான். பகைவர் யாரும் வர வேண்டியதில்லை. பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட கணக்குப்படி, 2013இல் இணையத்தில் இருந்த பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டு கழித்துத் தேடியபோது கிடைக்கவில்லை.

டொமைன் என்பது நாம் விலைக்கு வாங்கும் சொத்து என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது வாடகைக்கு வரும் பெயர். டாட் காம், டாட் ஆர்க் போன்றவற்றை ஒரு நேரத்தில் அதிகபட்சம் பத்து ஆண்டுக்கு எடுக்கலாம். தவணை தவறினால் 45 நாள் வரை சலுகை உண்டு. அதில் எத்தனை நாள் தருவது என்பது விற்ற நிறுவனத்தின் விருப்பம். அதன் பிறகு 30 நாள் மீட்புக் காலம், அபராதம் கட்டினால் பெயர் திரும்பும். அதுவும் போனால் ஐந்து நாள் காத்திருப்பு, பிறகு உலகில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பல ஆண்டு ஓடிய தளத்தின் பெயருக்குத் தேடுபொறிகளில் மதிப்பு இருப்பதால், அப்படி விடுபடும் பெயர்களுக்கென்றே காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். நேற்றுவரை ஊர்க் கோயிலின் வரலாறு இருந்த முகவரியில் இன்று சூதாட்ட விளம்பரம் வருவது இந்த வழியில்தான்.

இந்தச் சிக்கல்களைத் தாண்டி நிற்கும் தளத்துக்கு உதாரணம் கேட்டால் நான் மதுரைத் திட்டத்தைத்தான் சொல்வேன். 1998 பொங்கலன்று தொடங்கியது அது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இருந்த வேதியியலாளர் முனைவர் கல்யாணசுந்தரம் தலைமையேற்க, அமெரிக்காவின் வர்ஜீனியாவிலிருந்து முனைவர் குமார் மல்லிகார்ஜுனன் துணை நின்றார். உலகின் பல மூலைகளிலிருந்தும் தன்னார்வலர்கள் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தார்கள், இன்னொரு கூட்டம் மெய்ப்புப் பார்த்தது. சம்பளம் யாருக்கும் இல்லை. சங்க இலக்கியம் முதல் இருபதாம் நூற்றாண்டு உரைநடை வரை நூற்றுக்கணக்கான நூல்கள் அப்படி வந்து சேர்ந்தன.

தொடங்கிய நேரத்தில் கணினியில் தமிழுக்குப் பொதுவான குறியேற்றம் புழக்கத்தில் இல்லை. ஒவ்வொரு பத்திரிகையின் தளத்தைப் படிக்கவும் அந்தப் பத்திரிகையின் எழுத்துருவைத் தனியே இறக்க வேண்டும். பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சலில் பேசிப் பேசி உருவாக்கிய திஸ்கி என்ற குறியேற்றம் ஒருபுறம். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு அறிவித்த டாம், டாப் என்ற குறியேற்றங்கள் மறுபுறம். யூனிகோடில் தமிழ் 1991 முதலே இருந்தும், விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் சாதாரணக் கணினியில் அது தெரியத் தொடங்கியது. வீட்டில் விண்டோஸ் 98 வைத்திருந்தவர்களுக்கு யூனிகோடு பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தது. அதனால் மதுரைத் திட்டம் ஒரே நூலைத் திஸ்கியிலும் யூனிகோடிலும் பிடிஎஃப் ஆகவும் கொடுத்தது.

திஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றுவது ஒரு பொத்தானை அழுத்தும் வேலை என்று தோன்றும். ‘கொடி’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். திஸ்கி, நாம் கையால் எழுதும் வரிசையில் சேமிக்கும். முதலில் கொம்பு, அடுத்து ககரம், அடுத்து கால், பிறகு ‘டி’. யூனிகோடு ஒலியின் வரிசையில் சேமிக்கும். முதலில் ககரம், அதன் பின் ஒகரக் குறி, பிறகு ‘டி’. ஆக, மாற்றும் நிரல் ஒவ்வொரு கொம்பையும் தூக்கி எழுத்துக்குப் பின்னால் வைக்க வேண்டும். வரி உடையும் இடத்தில் கொம்பு தனியே நின்றால் அது அடுத்த வரியின் முதல் எழுத்தைப் போய்ப் பிடித்துக்கொள்ளும்.

இதைவிடக் கடினம் ஔகாரம். ‘மௌனம்’ என்பதை மகரத்தோடு ஔகாரக் குறி சேர்த்து எழுத வேண்டும். தட்டச்சு செய்பவர் கொம்பு போட்டுவிட்டுப் பக்கத்தில் ளகரத்தை அழுத்தினால் அது ‘மெளனம்’ ஆகிவிடும். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். அச்சிட்டாலும் பிடிபடாது. ஆனால் தேடுபவர் ‘மௌனம்’ என்று அடித்தால் அந்தப் பக்கம் வரவே வராது. சரி, கொம்போடு ளகரம் வரும் இடமெல்லாம் ஔகாரமாக்கு என்று நிரலுக்குச் சொன்னால், அது ‘தெளிவு’ என்ற சொல்லையும் சிதைத்துவிடும். ளகரத்துக்குப் பின் புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் தொடாதே என்று இன்னொரு விதி எழுதலாம். அதற்குப் பிறகும் பழைய செய்யுளில் ஐயம் எழும், அங்கே ஒரு மனிதர் உட்கார்ந்து பார்த்துத்தான் ஆக வேண்டும். ‘ஸ்ரீ’யின் கதையும் இதுதான். 2005இல் ‘ஶ’ என்ற எழுத்து யூனிகோடில் தனியிடம் பெற்றது முதல் ‘ஸ்ரீ’யும் ‘ஶ்ரீ’யும் கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு.

இப்படி உட்கார்ந்து பார்த்தவர்களின் உழைப்புக்கு விழா எடுப்பவர் இல்லை. புதிதாக ஒரு நூல் ஏறினால் நாலு பேர் பாராட்டுவார்கள். ஏற்கெனவே ஏறிய நூலில் முப்பது ‘மெளன’ங்களைத் திருத்தியவரை யாருக்கும் தெரியாது. பராமரிப்பு என்பதே அப்படித்தான், சரியாக நடந்தால் ஒன்றும் நடக்காததுபோலவே இருக்கும். தன்னார்வலர்கள் சோர்ந்து விலகுவதற்குப் பணமின்மையைவிட இதுவே பெரிய காரணம் என்பது நான் பார்த்த வரையில் என் எண்ணம்.

மதுரைத் திட்டம் நிலைத்ததற்கு இரண்டு முடிவுகள் உதவின என்று நினைக்கிறேன். ஒன்று, நூல்களை எளிய எச்டிஎம்எல் கோப்புகளாகவே வைத்தது. அதைத் திறக்க எந்தப் பிரவுசரும் போதும், பின்னால் தரவுத்தளம் ஓட வேண்டியதில்லை. இன்னொன்று, முகப்புப் பக்கத்தைச் சிதைக்காமல் கோப்பை யார் வேண்டுமானாலும் படியெடுத்துப் பரப்பலாம் என்ற அனுமதி. தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்கள் அந்த முகப்பில்தான் இருக்கின்றன. ஆகவே படி எங்கே போனாலும் உழைத்தவர் பெயரும் கூடப் போகும். மூல சர்வர் நாளையே நின்றாலும் நூல்கள் எத்தனையோ பேரின் கணினிகளில் இருக்கும்.

தரவுத்தளத்தில் ஓடும் தளங்களின் பாடு வேறு. பதினைந்து ஆண்டுக்கு முன் இலவச மென்பொருளை நிறுவி, அதன்மேல் இருபது துணைநிரல்களை ஏற்றியிருப்பார்கள். அவற்றில் பாதியை எழுதியவர்கள் இப்போது வேறு வேலைக்குப் போயிருப்பார்கள். அடியில் ஓடுவது பிஎச்பி மொழி. 2015 டிசம்பரில் வந்த அதன் ஏழாம் பதிப்பு, தரவுத்தளத்தோடு பேசும் பழைய கட்டளைகளை அடியோடு எடுத்துவிட்டது. 5.6 பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 இறுதியோடு நின்றன. சர்வர் நிறுவனம் ஒருநாள் ‘பழைய பதிப்பை அணைக்கப் போகிறோம்’ என்று கடிதம் போடும். அப்படியே விட்டால் தளம் ஓடாது, மேம்படுத்தினால் துணைநிரல்கள் உடையும்.

மேம்படுத்தும்போது தமிழ் போன்ற மொழிகளின் தளங்களுக்கு நேரும் விபத்து ஒன்று உண்டு. யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் தேவை. ‘தமிழ்’ என்ற சொல்லில் குறிகள் ஐந்து, எனவே பைட்டுகள் பதினைந்து. பழைய தரவுத்தளம் தன்னிடம் இருப்பது ஐரோப்பிய எழுத்து என்று நம்பிக்கொண்டிருந்தால், புதிய சர்வருக்கு மாற்றும்போது அந்தப் பதினைந்தையும் தனித்தனி எழுத்தாக விரித்துவிடும். திரையில் தொப்பியும் கோடும் வைத்த அந்நிய எழுத்துகள் கொட்டிக் கிடக்கும். பார்த்தவுடன் நெஞ்சு அடைத்துப்போகும், ஆனால் அந்த நேரத்தில் பெரும்பாலும் எதுவும் அழிந்திருக்காது. எந்தப் படியில் தவறு நடந்தது என்று கண்டுபிடித்துத் திரும்பிப் போனால் தமிழ் அப்படியே கிடைக்கும். பதறிப்போய் யாராவது அந்தப் பக்கங்களைத் திருத்திச் சேமிக்கத் தொடங்கினால்தான் மீட்பது பெரும்பாடு.

அண்மைக்காலத் தொல்லை பாட்கள். செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களுக்காகப் பக்கம் பக்கமாக அள்ளிப்போகும் நிரல்கள் இவை. 2024 ஜனவரி தொடங்கிப் படங்களையும் காணொளிகளையும் இறக்கும் போக்குவரத்து 50 விழுக்காடு கூடிவிட்டதாகவும், அதிகச் செலவு வைக்கும் போக்குவரத்தில் 65 விழுக்காடு பாட்களுடையது என்றும் விக்கிமீடியா அறக்கட்டளை 2025 ஏப்ரலில் சொன்னது. விக்கிப்பீடியாவை நடத்துபவர்களுக்கே அந்த நிலை என்றால், மாதம் சில நூறு ரூபாய்க்குப் பகிர்வு சர்வரில் ஓடும் ஊர்த்தளம் எப்படித் தாங்கும்? சர்வர் நிறுவனம் வரம்பு மீறியதாகச் சொல்லித் தளத்தை நிறுத்தி வைக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் தொழில்நுட்பத் தீர்வு கிடைக்கும். எனக்குக் கவலை தருவது சாவி, அதாவது தளத்தின் பொறுப்பு யார் கையில் இருக்கிறது என்பது. ஈழத்துத் தமிழ் ஆவணங்களைச் சேர்க்கும் நூலகம் தளம் 2005இல் தன்னார்வலர்களால் தொடங்கப்பட்டது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அந்த நினைவு உள்ள சமூகத்துக்கு ஆவணம் ஒருவர் கையில் மட்டும் இருப்பதன் ஆபத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. அவர்கள் முயற்சியை நூலக நிறுவனம் என்ற அமைப்பாக்கினார்கள். ஆட்கள் மாறலாம், பொறுப்பு அமைப்பிடம் இருக்கும். எல்லா ஊர்த்தளத்துக்கும் அறக்கட்டளை பதிவு செய்ய முடியாதுதான். ஆனால் டொமைன் யார் பெயரில், எந்த மின்னஞ்சலில், எந்தத் தேதி வரை என்பது மூன்று பேருக்காவது தெரிந்திருக்கலாமே. தொடங்கியவரிடம் இதைக் கேட்பது அவரைச் சந்தேகிப்பதாகாது. அவருக்கும் காய்ச்சல் வரும், வயதாகும்.

எங்கள் தளத்தின் பெயர், நண்பர் தம் பாஸ்போர்ட் நகலை அனுப்பி நிரூபித்த பிறகு, மீட்புக் காலத்தின் பதினோராம் நாள் திரும்பியது. அபராதத்தை ஆறு பேர் பங்கிட்டோம். பத்து ஆண்டுக்குச் சேர்த்துப் பணம் கட்டி, எல்லாருக்கும் பொதுவான மின்னஞ்சலைக் கொடுத்தோம். விவரங்களை ஒரு தாளில் எழுதி மூன்று வீடுகளில் வைத்தோம்.

பேக்கப் இருக்கிறது என்றுதான் அதுவரை நம்பியிருந்தோம். எங்கள் பள்ளியில் படித்து இப்போது கல்லூரி மூன்றாம் ஆண்டில் இருக்கும் பெண் ஒருத்தி, ‘அண்ணா, அதை எப்பவாவது திறந்து பார்த்திருக்கீங்களா?’ என்று கேட்டாள். யாரும் பார்த்ததில்லை. அவளே தன் லேப்டாப்பில் அதை விரித்து ஓட்டிப் பார்த்தாள். கட்டுரைகள் எல்லாம் வந்தன. படங்கள் இருக்க வேண்டிய இடங்கள் வெறும் பெட்டிகளாக நின்றன. இத்தனை ஆண்டும் தரவுத்தளம் மட்டும்தான் பேக்கப் ஆகியிருக்கிறது, படங்கள் இருந்த ஃபோல்டரை யாரும் சேர்க்கவே இல்லை. அவை அந்த ஒரே சர்வரில் மட்டும் இருந்தன.

அன்றிரவே இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் இறக்கத் தொடங்கினோம். பதினொரு ஜிபி. இணைப்பு இரண்டு முறை அறுந்தது, அவள் விட்ட இடத்திலிருந்து மறுபடி ஓட்டினாள். காலை நாலரை மணிக்கு வந்து சேர்ந்த கடைசிக் கோப்பு, 1968ஆம் ஆண்டு மலரின் பின்னட்டை.