அம்மா 'சீரியஸ்'!

போன வருடம் என் மாமியாருக்குத் திடீரென்று நெஞ்சுவலி. ராமநாதபுரத்துக்குக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். துபாயில் வேலை பார்க்கும் என் கணவர், "கம்பெனியில் காட்டி லீவு கேட்கணும், இங்கிலீஷில் ரெண்டு வரி எழுதி அனுப்பு" என்றார். பத்தாவது படித்த தைரியத்தில், 'மதர் இஸ் சீரியஸ்' என்று எழுதி செல்போனில் அனுப்பினேன். அதைப் படித்த வெள்ளைக்கார மேனேஜர், "உன் அம்மா எதில் சீரியஸ்?" என்று கேட்டாராம்! இவர் விளக்கிச் சொல்லி லீவு வாங்குவதற்குள் அன்றைய விமானம் போய்விட்டது. நல்லவேளை, அத்தை பிழைத்துக்கொண்டார்.

கல்லூரியில் படிக்கும் நாத்தனார் மகள்தான் பிறகு சொன்னாள். ஒருவரை வெறுமனே 'சீரியஸ்' என்றால், விளையாட்டுக் குணம் இல்லாதவர் என்றுதான் அர்த்தமாம். உடம்பு மோசம் என்றால் 'சீரியஸ்லி இல்' என்று எழுத வேண்டுமாம்.

வார்த்தைக்கு வார்த்தை காசு என்பதால், தந்தியில் 'மதர் சீரியஸ், ஸ்டார்ட் இமீடியட்லி' என்று சுருக்கிப் பழகியவர்கள் நாம். 2013 ஜூலையோடு தந்தி நின்றுவிட்டது, பழக்கம்தான் நிற்கவில்லை. இப்போதுதான் வார்த்தைக்குக் காசில்லையே தோழிகளே, முழுசாகவே எழுதுவோமே!

- ஒரு வாசகி, அபிராமம்.