முதுகுவலியும் தலைவலியும்: எப்போது எச்சரிக்கை?

குழித்தறியில் நாள் முழுதும் அமரும் நெசவாளருக்கு முதுகுவலி புதிதன்று. வெயிலில் உழைக்கும் விவசாயிக்குத் தலைவலியும் புதிதன்று. நான் தணிக்கைக்குச் செல்லும் சங்கங்களில் இவ்விரண்டையும் பற்றிக் கேளாத நாளில்லை. இவற்றுள் மிகப் பெரும்பாலானவை உழைப்பால் வந்து ஓய்வால் தீருபவை. ஆயினும், மிகச் சிலருக்கு அவை மூளையிலோ முதுகுத் தண்டுவடத்திலோ வளரும் கட்டியின் முதல் அறிகுறியாக இருத்தல் கூடும். அதனைப் பிரித்தறிவது எங்ஙனம் என்பதை அங்கத்தினர் ஒவ்வொருவரும் தெரிந்திருத்தல் நலம்.

கட்டி என்றவுடன் புற்றுநோய் என்று கலங்க வேண்டுவதில்லை. மூளையின் உறையில் தோன்றும் கட்டிகளிற் பல மெல்ல வளருபவை. வேறு உறுப்புகளுக்குப் பரவாதவை. ஆனால், மண்டையோடு மூடிய பெட்டி போன்றது. ஆகையால் சாதுவான கட்டியும் இடமின்றி மூளையை அழுத்தும். காசநோயும் மூளையில் கட்டிபோல் திரளுவதுண்டு. அது பெரும்பாலும் மருந்தினாலேயே குணமாகும்.

நாளுக்கு நாள் மிகுந்து, விடியற்காலையில் வாந்தியோடு வரும் தலைவலி, நடுவயதில் முதன்முறையாக வரும் வலிப்பு, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, பார்வை மங்கல், பேச்சுக் குழறல், குணமாறுதல் ஆகியவை மூளைக் கட்டியின் அறிகுறிகளாகலாம். வலிப்பு கண்டவர் கையில் இரும்பைக் கொடுப்பதால் பயனில்லை. அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, பின் மருத்துவமனைக்குக் கொண்டு செல்க.

முதுகில், படுத்தாலும் தணியாது இரவில் உறக்கத்தைக் கெடுக்கும் வலி கவனத்திற்குரியது. அதனுடன் கால்கள் மரத்து, மிதிபலகையை அழுத்த வலுவின்றிப் போனாலோ, சிறுநீர் அடக்க இயலாமற் போனாலோ, அன்றே மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும். நடக்கும் நிலையிலேயே சிகிச்சை பெறுவோர் பெரும்பாலும் தொடர்ந்து நடப்பர். கால் முற்றும் விழுந்தபின் வருவோருக்கு அந்நம்பிக்கை குறைவு.

இத்துறையில் நம் மாநிலம் முன்னோடியாகும். 1949-இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டியும், 1950-இல் சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தியும் நரம்பியல் அறுவைச் சிகிச்சையைத் தொடங்கினர். அத்துறையில் 1968-இல் பட்டம் பெற்ற டாக்டர் டி. எஸ். கனகா, உலகின் முதல் சில பெண் நிபுணர்களுள் ஒருவர். நம் தாம்பரத்தை அடுத்த குரோம்பேட்டையில் ஏழைகளுக்கென ஒரு மருத்துவமனையும் அமைத்தவர்.

இன்று எம்.ஆர்.ஐ. படத்தில் கட்டியின் இடமும் அளவும் தெளிவாகத் தெரிகின்றன. அறுவை, கதிர்வீச்சு, மருந்து ஆகியவற்றுள் ஏற்றது எதுவென்று மருத்துவர் முடிவு செய்வார். மேடவாக்கத்திலிருந்து, சென்ட்ரல் நிலையத்திற்கு எதிரேயுள்ள அப்பொது மருத்துவமனை தொலைவன்று. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை உள்ளோர் அதனையும் உடன் கொண்டு செல்க. இல்லாதோர் தகுதியுண்டாயின் நோய் வருமுன்னரே பெற்றுக்கொள்க.

நெசவு பாதியில் நிற்கிறதே, அறுவடை முடியட்டுமே என்று நாளைக் கடத்தாதீர்கள். நின்ற தறியை மறுபடி ஓட்டலாம். நலிந்த நரம்பு மீளுவது அரிது. அருகிலுள்ள அங்கத்தினருக்கு இவ்வறிகுறிகளுள் ஒன்றைக் கண்டால், அவரைத் துணையாக நின்று அழைத்துச் செல்லுங்கள். அதுவும் கூட்டுறவேயாகும்.