மலைநாட்டுக் காட்டுப் பூவரசு: வளர்க்கும் முறை

நுவரெலியாவைச் சூழ்ந்த உயர்மலைகளிலும் ஹோட்டன் சமவெளியிலும், செந்நிற மணிப்பூக்களைக் கொத்துக் கொத்தாகத் தாங்கி நிற்கும் முறுகிய மரத்தைப் பலரும் கண்டிருப்பர். சிங்களத்தில் மகா ரத்மல் எனவும் தமிழில் காட்டுப் பூவரசு எனவும் வழங்கும் இம்மரம், ரொடோடென்ட்ரன் என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. ஊர்களில் வளரும் பூவரசுக்கும் இதற்கும் உறவில்லை. இமயமலையிலும் நீலகிரியிலும் இதன் இனத்தவை உள. நேபாளத்தின் தேசிய மலரும் இவ்வினமே.

மரக்கறிச் செய்கையாளர் இதனை வளவில் நட்டால், கோவாவிற்கும் லீக்சிற்கும் செய்யும் பராமரிப்பையே இதற்கும் செய்தல் இயல்பு. ஆனால் அப்பராமரிப்பே இதனைக் கொன்றுவிடும். காரணத்தை அறிந்து நடுதல் வேண்டும்.

மண்

மலைநாட்டு மண்ணின் அமிலத்தன்மையைக் குறைப்பதற்காக மரக்கறிப் பாத்திகளுக்குச் சுண்ணாம்பு அல்லது டொலமைற் இடுகின்றோம். காட்டுப் பூவரசோ அமில மண்ணையே விரும்புவது. பீ.எச். பெறுமானம் 4.5 முதல் 5.5 வரை இருத்தல் நன்று. தேயிலை செழிக்கும் மண் இதற்கும் ஏற்றது. சுண்ணாம்பு சேர்ந்தால் மண்ணிலுள்ள இரும்புச் சத்தை வேர்கள் உறிஞ்ச இயலாது. இளம் இலைகள் மஞ்சள் நிறமடையும். நரம்புகள் மட்டும் பச்சையாக இருக்கும். நாளடைவில் மரம் நலிந்து இறக்கும். அடுப்புச் சாம்பலும் இதே தீங்கைச் செய்யும். ஆகவே, சுண்ணாம்பிட்ட பாத்திகளிலிருந்து நீர் வழிந்து வாராதவாறு அவற்றிற்கு மேற்புறத்துச் சரிவில் இதனை நடுக.

யாழ்ப்பாணத்து நிலம் சுண்ணக்கல்லின்மீது அமைந்தது, வெப்பமும் மிக்கது. அங்கும் தாழ்நிலத்து வயற் பகுதிகளிலும் இதனை நட முயலுதல் வீண் செலவாகும்.

நாற்று உண்டாக்கல்

காய்கள் கபில நிறமடைந்து வெடிக்குமுன் அவற்றைப் பறித்து, நிழலில் கடதாசிமீது உலர விடுக. விதைகள் தூசிபோல நுண்ணியவை. மணலும் உக்கிய இலைமண்ணும் சமனாகக் கலந்த தட்டில் அவற்றைத் தூவுக. முளைப்பதற்கு ஒளி தேவையாதலால் மண்ணால் மூடலாகாது. மேலிருந்து நீர் ஊற்றினால் விதைகள் அடித்துச் செல்லப்படும். தட்டை மழைநீரில் வைத்து அடியிலிருந்து நனைய விடுக. கண்ணாடியால் மூடி, நேர்வெயில் படாத இடத்தில் வைப்பின் சில வாரங்களில் முளை தோன்றும். நாற்றுகள் மெதுவாகவே வளரும். அவற்றைச் சாடிகளில் ஓரடி உயரம்வரை வளர்த்த பின்னரே நிலத்தில் நடுக. விதையிலிருந்து வளர்ந்த மரம் பூப்பதற்குப் பத்தாண்டுகளும் அதற்கு மேலும் செல்லலாம்.

நடுகையும் பராமரிப்பும்

இதன் வேர்கள் நுண்ணியவை, மேல்மண்ணிலேயே பரவுபவை. எனவே குழி அகலமாக இருத்தல் வேண்டும், ஆழமாக வேண்டியதில்லை. சாடியில் இருந்த மட்டத்திற்குக் கீழே செடியைப் புதைக்கலாகாது. உருளைக்கிழங்கிற்குப்போல மண் அணைத்தலும் கூடாது. நீர் தேங்கும் இடத்தைத் தவிர்க்க. அடியில் மண்வெட்டி கொண்டு கொத்தாது களைகளைக் கையாற் பிடுங்குக. உலர்ந்த இலைகளை 3 அங்குலத் தடிப்பில், அடிமரத்தைத் தொடாதவாறு பரப்புக. வரண்ட மாதங்களில் நீர் ஊற்றுக.

எச்சரிக்கை

இலையும் பூவும் நச்சுத்தன்மை உடையவை. ஆடுமாடுகள் எட்டும் இடத்தில் நடலாகாது. வெட்டிய கிளைகளைத் தொழுவத்தின் அருகே போடலாகாது.

காட்டிலிருந்து கன்று எடுக்கற்க

ஹோட்டன் சமவெளி 1988 ஆம் ஆண்டு முதல் தேசிய பூங்காவாக உள்ளது. அங்கிருந்து விதையோ கன்றோ எடுத்தல் சட்டப்படி குற்றமாகும். தோண்டிய கன்று வேரறுந்து பெரும்பாலும் இறந்துபடும். வளவுகளில் முன்னரே உள்ள மரங்களிலிருந்து, உரியவரின் அனுமதியுடன் விதை பெறுக.

இதனை நெற்செய்கையாளரும் கருத்திற் கொள்ளல் வேண்டும். காட்டுப் பூவரசு நிற்கும் மலைக்காடுகள் மூடுபனியின் ஈரத்தையும் தடுத்து மண்ணிற் சேர்ப்பவை. மகாவலி, களனி, வளவை ஆகிய ஆறுகளுக்கு அம்மலைகளிலிருந்தே நீர் வருகின்றது. திருகோணமலையருகே கடலைச் சேருமுன் மகாவலி நனைக்கும் வயல்களுக்கும் அங்கிருந்தே நீர் தொடங்குகின்றது. மலையில் ஒரு மரத்தை விட்டுவைப்பவர் தம் வாய்க்காலுக்கே நன்மை செய்தவராவர்.

உங்கள் மண் ஏற்றதா என்பதில் ஐயம் இருப்பின், நடுமுன் மண் மாதிரியுடன் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் காண்க.