சாப்பிடாத குட்டியும் ரசீது தராத கடையும்

வாங்கி வந்த பியர்டட் டிராகன் குட்டி இரண்டு நாளாக எதையும் தொடவில்லை என்றால், வேறு இரை தேடிக் கடைக்கு ஓடாதீர்கள். முதலில் கூண்டுக்குள் ஒரு தெர்மாமீட்டரை வையுங்கள். விளக்குக்குக் கீழே அது படுத்து வெயில் காயும் கல்லில் சுமார் 40 டிகிரி செல்சியஸ் சூடு இருக்க வேண்டும். எதிர்மூலை 25 முதல் 28 டிகிரிக்குள் இருக்கலாம். நம் வேலியோர ஓணானைப் போல இதுவும் குளிர் இரத்தப் பிராணி. உடம்பு சூடேறாவிட்டால் தின்றது செரிக்காது, அதனால் வாயைத் திறக்காது. வீட்டில் இதை ‘அடம்’ என்று சொல்லிவிடுகிறோம்.

இந்தத் தாடி ஓணானின் பூர்வீகம் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடு. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் நம் திருமுக்கூடலின் வெயில் அதற்கு ஒத்துப்போகும் என்று நினைக்கத் தோன்றும். பாதிதான் உண்மை. சித்திரையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே கூண்டை வைத்தால் ஒதுங்கக் குளிர்ந்த மூலை இல்லாமல் வாயைப் பிளந்து இளைக்கும், அப்போதும் சாப்பிடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றின் ஈரம் அது தாங்கும் 30-40 சதவீதத்தைத் தாண்டி எங்கோ போய்விடும். மூச்சுக்குழாய்த் தொற்று வருவது அப்போதுதான். ஆனால் நம்மிடம் ஒரு செல்வம் உண்டு: காலை வெயில். புற ஊதா ‘பி’ கதிர் இல்லாமல் அதன் உடம்பில் கால்சியம் சேராது. கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும் என்பதால் ஜன்னலோரம் வைப்பதில் பயனில்லை. பாதி நிழலுள்ள வலைப்பெட்டியில் அரைமணி நேரம் வெளியே வையுங்கள். காக்காயும் பூனையும் வராமல் பக்கத்திலேயே இருங்கள். மழைநாளுக்கு யூவிபி பல்பு வேண்டும். ஆறு மாதம், ஒரு வருடத்தில் அதை மாற்றியாக வேண்டும். வெளிச்சம் வந்துகொண்டே இருக்கும், கதிர் தீர்ந்துபோயிருக்கும்.

சூடும் வெயிலும் சரியாக இருந்தும் சாப்பிடவில்லையா? புது வீட்டுக்கு வந்த முதல் ஒரு வாரம், பத்து நாள் மிரட்சி இருக்கும். தோல் உரிக்கும்போதும் பசி குறையும். குட்டிப் பருவத்தில் உணவில் முக்கால் பங்கு பூச்சி, கால் பங்குதான் கீரை. வளர்ந்தபின் இது தலைகீழாகும். நாளுக்கு இரண்டு மூன்று வேளை, பத்து பதினைந்து நிமிடத்தில் எவ்வளவு தின்கிறதோ அவ்வளவு பூச்சி போதும். அதன் இரு கண்களுக்கும் இடையிலுள்ள அகலத்தைவிடப் பெரிய பூச்சியைக் கொடுக்கவே கூடாது. பெரிதை விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும், பின்னங்கால் செயலிழப்பதும் உண்டு. மிஞ்சிய பாச்சைகளை எடுத்துவிடுங்கள்; இரவில் அவை குட்டியைக் கடிக்கும்.

சில குட்டிகள் சூப்பர்வார்ம் என்ற புழுவின் ருசி கண்டபின் வேறெதையும் பார்க்காது. அதில் கொழுப்பு அதிகம். அதை நிறுத்திவிட்டு, விடிந்து உடம்பு சூடேறிய பசி நேரத்தில் முதலில் கீரையை வையுங்கள். பொடியாக நறுக்கிய முருங்கைக் கீரை, துருவிய பரங்கிக்காய், மேலே இரண்டு செம்பருத்தி இதழ். நிறமும் அசைவும்தான் அதை இழுக்கும். கீரைமேல் இரண்டு புழுவை நெளியவிட்டால் புழுவோடு இலையும் உள்ளே போகும். கோழித் தீவனத்துக்காக வளர்க்கும் கறுப்புப் படைவீரன் ஈயின் புழுவில் கால்சியம் நிறைய உண்டு. மற்றப் பூச்சிகளைக் கால்சியம் பவுடரில் புரட்டிக் கொடுக்க வேண்டும். பாலக்கும் சிறுகீரையும் தினமும் வேண்டாம். அவற்றின் ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அவகாடோ கூடவே கூடாது. வாயைப் பிளந்து திணிக்கவும் வேண்டாம்.

உத்திரமேரூர் வட்டாரத்தில் எனக்குள்ள பெரிய பயம் வயல்வெளிதான். நெல்லுக்கும் நிலக்கடலைக்கும் மருந்தடித்த வரப்பில் பிடித்த வெட்டுக்கிளி, காசில்லாமல் கிடைக்கும் விஷம். மின்மினியையும் கிட்டே விடாதீர்கள். வட அமெரிக்க மின்மினியைத் தின்று பியர்டட் டிராகன்கள் செத்த கதை கால்நடை மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.

கால் நடுங்கினாலோ, தாடை ரப்பர் போல வளைந்தாலோ, மலத்தில் நாற்றமும் எடைக்குறைவும் சேர்ந்துகொண்டாலோ அது பசிப் பிரச்சினை இல்லை. எலும்பு நோய் அல்லது குடல் ஒட்டுண்ணி. மருத்துவரிடம் போக வேண்டும். 15 படுக்கை, மருத்துவர், அறுவை மருத்துவர், மருந்துப் பட்டியல் எல்லாம் கொண்ட ஆதுலர்சாலை என்ற மருத்துவமனை பற்றி வீரராசேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு இருக்கிற ஊர் நம் திருமுக்கூடல்! ஆனால் பல்லிக்கு வைத்தியம் பார்க்க வாலாஜாபாத் தாண்டிச் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி வரை போக வேண்டும். 1962 என்ற தொலைபேசி எண்ணுக்கு அழைத்தால் வரும் கால்நடை மருத்துவ வண்டி பெரும்பாலும் ஆடுமாடுகளுக்கானது. குட்டியைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஊர்வனவற்றின் குடலில் சால்மொனெல்லா இருக்கும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் கையில் தர வேண்டாம்.

இனிச் சட்டம். ஆஸ்திரேலியா தன் ஊர்வனவற்றை வியாபாரத்துக்கு ஏற்றுமதி செய்ய அனுமதிப்பதில்லை. சந்தையில் உள்ளவை பிற நாடுகளில் கூண்டில் பிறந்தவை. உரிமமும் சுங்க, நோய்த்தடுப்புச் சோதனையும் இல்லாமல் உள்ளே வந்தவை கடத்தல் பொருள். 2022 அக்டோபரில் மும்பை விமானச் சரக்கு வளாகத்தில் அலங்கார மீன் என்று கணக்குக் காட்டி வந்த பெட்டிகளில் 665 உயிரினங்கள் பிடிபட்டன. அவற்றில் 117 செத்திருந்தன. பச்சை இகுவானா, பால் பைத்தான் போன்றவை வனவிலங்குச் சட்டத்தின் நான்காம் அட்டவணையில் வருகின்றன. 2024 பிப்ரவரி 28 அன்று வந்த விதிகளின்படி அவற்றை மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும். பியர்டட் டிராகன் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் பட்டியல் மாறக்கூடியது, வாங்கும் முன் பாருங்கள். ‘இதுவும் ஓணான்தானே’ என்று உடும்புக் குட்டியையோ நட்சத்திர ஆமையையோ வீட்டில் வைத்தால் கதை வேறு. முதல் அட்டவணை விலங்கு அது. குறைந்தது மூன்று வருடம் சிறை.

வாங்கும்போது ரசீது கேளுங்கள். 2018ஆம் ஆண்டு விதிகளின்படி செல்லப்பிராணிக் கடை மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். நோயுள்ள குட்டியைத் தலையில் கட்டினால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். ஐந்து லட்சம் வரை கட்டணமில்லை. ரசீது இல்லாதவருக்கு இந்தக் கதவு திறப்பது கடினம். நமக்கும் பொறுப்பு உண்டு: வளர்ப்பவர் போதிய தீனி கொடுக்காமல் விடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறை அபராதம் 10 முதல் 50 ரூபாய். வெட்கக்கேடான தொகைதான்.

வளர்க்க முடியாமல் போனால் பாலாற்றங்கரையில் விட்டுவிட்டு வராதீர்கள். நம் மண்ணில் அது பட்டினியால் சாகும், அல்லது இங்குள்ள ஓணான்களுக்கு நோயைக் கொடுக்கும். வனத்துறை அலுவலகத்தில் கேட்டு ஒப்படையுங்கள். பத்து வருடம் வாழக்கூடிய பிராணி அது. விளக்குக்கும் பல்புக்கும் வேப்பேரிப் பயணத்துக்கும் வழியில்லை என்றால், தயவுசெய்து வாங்காதீர்கள்.