தலைவர் இல்லாத காட்டில் குழியை யார் வெட்டுவது?

இன்றைக்கு நாம் பேசப்போவது 'ரெயின்போ கேதரிங்' பற்றி. அமெரிக்காவில் வருஷா வருஷம் ஜூலை முதல் வாரத்தில், ஏதாவது ஒரு தேசிய வனத்துக்குள் ஆயிரக்கணக்கான பேர் கூடுகிறார்கள். சில வருஷங்களில் இருபதாயிரத்தைத் தாண்டியிருக்கிறது. டிக்கெட் கிடையாது, மேடை கிடையாது, மைக் கிடையாது. உறுப்பினர் அட்டையும் கிடையாது, தலைவரும் கிடையாது. வருகிற எல்லோரையும் "வீட்டுக்கு வா" என்று சொல்லித்தான் வரவேற்கிறார்கள்.

இதைக் கேட்டதும் நம்ம மனசில் நீளமுடி, கிட்டார், புகை என்று ஒரு படம் வரும். அதுவும் அங்கே உண்டுதான். ஆனால் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்ததிலிருந்து என்னைப் பிடித்துக்கொண்ட கேள்வி வேறு. பத்தாயிரம் பேர் ஒரு வாரம் காட்டுக்குள் இருந்தால், தண்ணீருக்கு என்ன வழி? சாப்பாட்டுக்கு? கழிப்பறைக்கு? யாரும் யாருக்கும் உத்தரவு போட முடியாத இடத்தில் அந்தக் குழியை யார் வெட்டுவது?

எப்படி ஆரம்பித்தது?

முதல் கூட்டம் 1972 ஜூலையில், கொலராடோ மாநிலத்தில், ஸ்ட்ராபெர்ரி ஏரிப் பக்கம் நடந்தது. வியட்நாம் போர் இன்னும் முடியாத காலம். போரை வெறுத்த இளைஞர்களோடு, போருக்குப் போய்த் திரும்பிய சிலரும் அதில் இருந்தார்கள். அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள், போலீஸ் பாதையை மறித்தது. வந்தவர்களோ நடந்தே உள்ளே போய்விட்டார்கள். ஒரே ஒரு தடவை கூடுவதாகத்தான் திட்டம். ஆனால் அடுத்த வருஷமும் கூடினார்கள், அதற்கடுத்த வருஷமும் கூடினார்கள். ஐம்பதாவது ஆண்டான 2022-ல் மறுபடியும் கொலராடோவுக்கே வந்தார்கள்.

பந்தியும் தொப்பியும்

கூட்டம் தொடங்குவதற்குச் சில வாரம் முன்பே ஒரு சின்னக் குழு காட்டுக்குள் போய்விடும். ஊற்று எங்கே இருக்கிறது, அங்கிருந்து குழாய் எப்படி இழுப்பது, அடுப்பு எங்கே போடுவது, குழி எங்கே வெட்டுவது என்று பார்ப்பது அவர்கள் வேலை. அப்புறம் ஆட்கள் வரவர, ஒவ்வொரு கும்பலும் தனக்கென்று ஒரு சமையற்கூடம் போட்டுக்கொள்ளும். குழந்தைகளோடு வருகிற குடும்பங்களுக்குத் தனி இடம். மருத்துவம் தெரிந்தவர்கள் ஒரு முதலுதவிக் கூடாரம் போடுவார்கள்.

சாயங்காலம் பெரிய புல்வெளியில் எல்லோரும் வட்டமாக உட்காருகிறார்கள். நம்ம ஊர்ப் பந்தி மாதிரிதான், இலைக்குப் பதில் அவரவர் கொண்டுவந்த கிண்ணம். சாப்பாட்டுக்குக் காசு இல்லை. சாப்பாட்டு நேரத்தில் ஒரு தொப்பி சுற்றி வரும். 'மாயத் தொப்பி' என்று அதற்குப் பேர். முடிந்தவர்கள் போடுவார்கள், முடியாதவர்கள் அடுத்தவரிடம் தள்ளிவிடுவார்கள். அந்தப் பணத்தில்தான் மறுநாளைக்கு அரிசியும் பயறும் வரும். கூட்டத்துக்குள் பணம் கொடுத்து எதையும் வாங்கக் கூடாது, விற்கக் கூடாது என்பது வழக்கம். பண்டமாற்று மட்டும் நடக்கும்.

முடிவு எடுப்பதும் வட்டத்தில்தான். ஒரு இறகு கை மாறிக்கொண்டே போகும். அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம், மற்றவர்கள் கேட்க வேண்டும். ஓட்டு எடுப்பதில்லை, எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. ஒரே ஒருத்தர் மறுத்தால்கூட நின்றுபோகும். அதனால் பல மணி நேரம், சில சமயம் பல நாள் இழுக்கும். பொறுமை இல்லாதவர்களுக்கான இடம் இல்லை அது!

சண்டை வந்தால் போலீஸைக் கூப்பிடுவதில்லை. 'சாந்தி சேனா' என்று குரல் கொடுக்கிறார்கள். ஆமாம், நம்ம சாந்தி சேனாதான். கலவரத்தை ஆயுதம் இல்லாமல் தடுக்க ஓர் அமைதிப்படை வேண்டும் என்பது காந்தியின் யோசனை. அவர் இறந்தபிறகு 1957-ல் வினோபா பாவே அதற்கு உருவம் கொடுத்தார். அந்தப் பேர் எங்கெங்கோ சுற்றி அமெரிக்கக் காட்டுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. அங்கே அது தனிப்படை இல்லை. குரல் கேட்கும் தூரத்தில் யார் இருக்கிறார்களோ, அவர்கள்தான் சாந்தி சேனா. ஓடிவந்து சூழ்ந்து நின்று, பேசிப்பேசியே தணிக்கப் பார்ப்பார்கள்.

1987: பாதிப் பேர் படுத்த வருஷம்

கேட்க அழகாக இருக்கிறது, இல்லையா? இப்போது 1987-க்கு வருவோம். அந்த வருஷம் வட கரோலினாவின் நான்டஹாலா தேசிய வனத்தில் கூடினார்கள். பன்னிரண்டாயிரத்துக்கும் மேல் கூட்டம். அங்கே 'ஷிகெல்லா' என்ற கிருமி பரவியது. ரத்தபேதி, காய்ச்சல், வயிற்றுவலி. வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் நோயில் விழுந்ததாக, அப்போது ஆய்வு செய்த சுகாதார அதிகாரிகள் கணித்தார்கள். வழக்கமாகக் கொடுக்கிற சில ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கும் அந்தக் கிருமி அடங்கவில்லை. கூட்டம் கலைந்து அவரவர் ஊருக்குப் போனபோது, கிருமியும் கூடவே வேறு மாநிலங்களுக்குப் போனது.

ஷிகெல்லா பரவுவதற்கு நிறைய கிருமி தேவையில்லை. கழுவாத ஒரு கை போதும், மூடாத குழியிலிருந்து பறந்து வருகிற ஒரு ஈ போதும், கொதிக்க வைக்காத ஒரு குவளைத் தண்ணீர் போதும். அன்பு, அமைதி, சமத்துவம் எல்லாம் அந்தக் கூட்டத்தில் இருந்தன. ஆனால் ஷிகெல்லாவுக்கு அதெல்லாம் தெரியாதே!

இப்போது அந்தக் கூட்டங்களில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிற விதிகளைப் பாருங்கள். குடிக்கிற தண்ணீரை வடிகட்டு, அல்லது கொதிக்க வை. குழியை ஓடையிலிருந்து தள்ளி வெட்டு. போன ஒவ்வொரு தடவையும் மண்ணும் சாம்பலும் போட்டு மூடு. பக்கத்திலேயே கை கழுவத் தண்ணீர் வை. பரிமாறுகிற கரண்டி யாருடைய கிண்ணத்திலும் படக் கூடாது. பாத்திரம் கழுவ மூன்று வாளி: ஒன்றில் சோப்பு, ஒன்றில் நல்ல தண்ணீர், ஒன்றில் ப்ளீச் கலந்த தண்ணீர். உடம்பு சரியில்லையா, அடுப்புப் பக்கம் வராதே.

'கூட்டு ஞானம்' என்று எதையாவது சொல்வதானால், நான் இதைத்தான் சொல்வேன். இதில் தத்துவம் எதுவும் இல்லை. கரண்டியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்கிற பாடம், அவ்வளவுதான். ஆனால் அதிகாரி இல்லாத இடத்தில் இந்தப் பாடத்தை நடத்த ஒரே வழி, தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்வது. ஒவ்வொரு வருஷமும் புதுசாக ஆயிரம் பேர் வருவார்கள், அவர்களுக்கு எதுவும் தெரியாது. பழைய ஆள் ஒருத்தர் மண்வெட்டியை அவர்கள் கையில் கொடுத்து, "வா, குழி வெட்டலாம்" என்று சொல்லாவிட்டால், அந்த வருஷத்தோடு அறிவு போச்சு.

யார் கையெழுத்து போடுவது?

வனத்துறையோடு இவர்களுக்குப் பல வருஷத் தகராறு இருக்கிறது. 1995-ல் வந்த விதிப்படி, தேசிய வனத்தில் 75 பேரோ அதற்கு மேலோ கூடினால் அனுமதி வாங்க வேண்டும். கட்டணம் இல்லை, ஆனால் குழுவின் சார்பில் யாராவது கையெழுத்து போட வேண்டும். இவர்கள் சொல்வது: "எங்களுக்குத் தலைவர் இல்லை, ஒருத்தருக்காக இன்னொருத்தர் கையெழுத்து போட முடியாது, கூடுவது எங்கள் உரிமை." வனத்துறை சொல்வது: "ஓடை கெட்டால், தீப்பிடித்தால் நாங்கள் யாரிடம் போய்க் கேட்பது?" 1999-ல் பென்சில்வேனியாவின் அலெகெனி வனத்தில் கூடியபோது மூன்று பேர் மேல் வழக்கு பாய்ந்தது. மேல்முறையீட்டிலும் தீர்ப்பு விதியின் பக்கமே நின்றது.

இதில் ரெண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. இவர்களில் ஒரு பகுதியினர், கூட்டம் முடிந்தபிறகும் சில வாரம் அங்கேயே தங்குகிறார்கள். குழிகளை மூடி, அடுப்புக் கற்களைக் கலைத்து, மிதிபட்டு இறுகிய மண்ணைக் கிளறி, விதை தூவிவிட்டுப் போகிறார்கள். பொறுப்பு என்றால் இது பொறுப்புதான். ஆனால் வந்த பத்தாயிரம் பேரில், கடைசிவரை தங்கிக் குப்பை பொறுக்குபவர்கள் கொஞ்சம் பேர்தான்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லாமல் விட முடியாது. இறகு, வட்டம், 'வானவில் வீரர்கள்' பற்றிய தீர்க்கதரிசனம், இதெல்லாம் அமெரிக்கப் பூர்வகுடிகளுடையது என்று இங்கே பலர் நம்பி வந்திருக்கிறார்கள். அந்தத் தீர்க்கதரிசனம் உண்மையில் பூர்வகுடி மரபிலிருந்து வந்ததில்லை என்று, மைக்கேல் நிமன் 1997-ல் வெளியிட்ட 'பீப்பிள் ஆஃப் தி ரெயின்போ' என்ற நூலில் காட்டினார். 2015-ல் தெற்கு டகோட்டாவின் பிளாக் ஹில்ஸில் கூடியபோது, அதைத் தங்கள் புனித பூமியாகக் கருதும் லகோட்டா மக்களில் பலர் எதிர்த்தார்கள். யாருடைய இறகை வைத்துக்கொண்டு பேசுகிறோமோ, அவர்கள் பேச்சையும் கேட்க வேண்டும், இல்லையா?

அந்தக் காலை நேரம்

ஜூலை 4 அமெரிக்காவின் சுதந்திர தினம். நாடு முழுக்க வாணவேடிக்கை. இந்தக் காட்டில் மட்டும் விடிந்ததிலிருந்து மதியம்வரை யாரும் பேசுவதில்லை. ஆயிரக்கணக்கான பேர் கைகோத்து வட்டமாக நின்று, உலக அமைதிக்காக மௌனம் காப்பார்கள். மதியம் குழந்தைகள் ஊர்வலமாக வந்து சேர்ந்ததும், ஒரே ஆரவாரத்தில் மௌனம் உடையும்.

அந்தப் படங்கள்தான் எல்லா இடத்திலும் சுற்றும், பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆனால் அந்த வட்டத்தில் அத்தனை பேரும் வயிறு கெடாமல் நிற்க முடிகிறது என்றால், அதற்கு முந்தின மூணு வாரம் யாரோ குழாய் இழுத்திருக்கிறார்கள், தண்ணீர் கொதிக்க வைத்திருக்கிறார்கள், குழி வெட்டியிருக்கிறார்கள். நீங்கள் நாலு பேரோடு சேர்ந்து எதையாவது நடத்துகிறவராக இருந்தால், இன்றைக்கே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: நம்ம இடத்தில் அந்த வேலையைச் செய்வது யார், அவர் அதை யாருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்?